புற்று இல்லை என்று சொன்ன பிறகு

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2006இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் 30 முதல் 69 வயது வரையுள்ள பெண்களின் மார்பகத்தைக் கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். 2011இல் முதற்கட்ட முடிவு வெளிவந்தது. பரிசோதனைக்கு வந்தவர்கள் 50,366 பேர். ‘மேற்கொண்டு பார்க்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டவர்கள் 2,880 பேர். அவர்களில் புற்று கண்டறியப்பட்டவர்கள் 30 பேர்.

அந்த 30 பேருக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும், அதில் தவறில்லை. பரிசோதனை நடந்த பகுதிகளில் தொடக்க நிலையிலேயே பிடிபட்ட புற்றுகள் 43.8 விழுக்காடு, நடக்காத பகுதிகளில் 25.4 விழுக்காடு. ஆனால் மீதி 2,850 பேரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஸ்கேன், ஊசி, ரிப்போர்ட், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், மறுபடி ஊசி என்று இவர்களில் சிலருடைய வாழ்க்கை வருடக் கணக்கில் போகிறது. வீட்டார் கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லாத ஒன்றுக்கு எதற்கு மூன்றாவது தடவை ஊசி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

கேரளத்தின் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியை வைத்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 பிப்ரவரி 4 முதல் மார்ச் 8 வரை கேரள அரசு பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை இயக்கத்தை மாநிலம் முழுவதும் நடத்தியது. பரிசோதனை கூடினால் திரும்ப அழைக்கப்படும் பெண்களும் கூடுவார்கள். மட்டாஞ்சேரிப் பெண் முதலில் போவது கருவேலிப்படி தாலுகா மருத்துவமனையாக இருக்கலாம். ஊசி என்று வந்தால் பாலம் கடந்து எறணாகுளம் பொது மருத்துவமனைக்கோ, களமச்சேரிப் புற்றுநோய் மையத்துக்கோ, இடப்பள்ளி அமிர்தா மருத்துவமனைக்கோ போக வேண்டும். இரண்டாவது காரணம் அந்த ஊரின் மனிதர்கள். கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழ்ப் பிராமணர்கள், பக்கத்து ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் தலைமுறைகளாக வேலை செய்யும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், யூதர் தெருவில் இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்ட பரதேசி யூதர்கள் எனப் பல சமூகங்கள் சில கிலோமீட்டருக்குள் நெருக்கமாக வாழ்ந்தும் தம் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் அது. பரம்பரைப் புற்றைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் குறைவு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். “கத்தி, ஊசி பட்டால் சாதாரணக் கட்டியும் புத்தா மாறிடும் அக்கா” என்ற பேச்சு தமிழ் வீடுகளிலும் மலையாள வீடுகளிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. ஊசி பட்டதால் சாதாரணக் கட்டி புற்றாவதில்லை. ஏற்கெனவே புற்றாக இருந்தாலும், முறைப்படி எடுக்கும் ஊசிப் பரிசோதனையால் பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை. இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு நோய் முற்றியபின் வருபவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள்.

பிறகு ஏன் மறுபடி மறுபடி? நம் ஊர்களில் காரணம் பெரும்பாலும் முதல் ஊசியிலேயே இருக்கிறது. எஃப்.என்.ஏ.சி. என்ற மெல்லிய ஊசிச் சோதனை மலிவானது, அன்றே முடிவு வரும். ஆனால் அது தருவது உதிரி உயிரணுக்களை மட்டுமே. திசுவின் அமைப்பு அதில் தெரியாது. பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றா, வெளியே ஊடுருவியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ‘மாதிரி போதாது’, ‘சந்தேகம், திசுப் பரிசோதனை தேவை’ என்று ரிப்போர்ட் வரும். அடுத்து தடித்த ஊசியால் திசுத் துண்டுகள் எடுக்கும் கோர் பயாப்ஸி, அதாவது பலரும் டிரூகட் என்று சொல்வது. ஸ்கேனிலோ மேமோகிராமிலோ சந்தேகம் இருந்தால் நேராக இரண்டாவதற்கே போவதுதான் நல்லது. கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பெண்ணை இரண்டு தடவை குத்துவதும் இரண்டு வாரம் கூடுதலாகக் காக்க வைப்பதும் சிக்கனமாகாது. வரிசையும் முக்கியம். படங்கள் முதலில், ஊசி பிறகு. ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கட்டினால் பின்னர் எடுக்கும் படம் குழம்பும்.

ஊசி சரியாக எடுத்தும் திரும்பக் கூப்பிடலாம். படம் பார்த்த மருத்துவர் பைராட்ஸ் என்ற அளவுகோலில் எண் போடுகிறார். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். 4 என்றால் ஊசி. ஆனால் அந்த 4க்குள் 2 விழுக்காடும் உண்டு, 95 விழுக்காடும் உண்டு. அதனால்தான் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். வெறும் ‘நாலு’ என்று கேட்டு வீட்டுக்கு வந்து அழும் பெண்ணுக்கு எந்த நாலு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். படம் மிகவும் சந்தேகமாக இருந்து திசு முடிவு சாதாரணம் என்று வந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று பொருள். ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். அப்போது மறுபடி எடுப்பது மருத்துவரின் கவனத்தைக் காட்டுகிறது. பாப்பிலோமா, ஆரவடு, அடிப்பியா (இயல்பு மாறிய உயிரணுப் பெருக்கம்) போன்ற இடைநிலை முடிவுகள் வந்தால், பக்கத்தில் வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கக் கூடுதலாகத் திசு எடுப்பார்கள்.

மேற்கத்தியப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு காரணமும் நம்மிடம் உண்டு. கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற நாள்பட்ட மார்பக அழற்சி, பிள்ளை பெற்றுச் சில ஆண்டுகளான இளம் தாய்மார்களுக்கு அதிகம் வருகிறது. கல் போன்ற கட்டி, இழுபட்ட தோல், சீழ். பார்த்தால் புற்றைப் போலவே இருக்கும். இந்தியாவில் மார்பகக் காசநோயும் இதே வேடத்தில் வரும். இரண்டையும் பிரிக்கத் திசு மறுபடியும் எடுக்க வேண்டிவரும். மாதக் கணக்கில் ஆறாது. இன்னொரு கட்டி கிளம்பும். இந்தப் பெண்கள் அனுபவிக்கும் வேதனைக்குப் புற்று என்ற பெயர் இல்லாததால் அனுதாபமும் கிடைப்பதில்லை. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த அழற்சிக்காக எத்தனை தடவை பயாப்ஸி செய்திருந்தாலும், அந்த எண்ணிக்கையை வைத்துப் புற்றுத் தடுப்பு மாத்திரை பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணிக்கை விஷயத்தில்தான் பெரிய குழப்பமே. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மிட்செல் கெய்ல் 1989இல் தன் சகாக்களோடு வகுத்த அபாயக் கணக்கு இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கும் கருவியாகிவிட்டது. வயது, பூப்பெய்திய வயது, முதல் பிரசவ வயது, தாய்க்கோ சகோதரிக்கோ மகளுக்கோ புற்று உண்டா என்பவற்றோடு, இதுவரை எத்தனை பயாப்ஸி என்றும் அது கேட்கும். 50 வயதுக்குக் கீழே ஒரு பயாப்ஸி என்றால் அபாயம் 1.70 மடங்கு, இரண்டும் அதற்கு மேலும் என்றால் 2.88 மடங்கு. அடிப்பியா இல்லை என்று உறுதியானால் அதை 0.93ஆல் பெருக்கும். கழிவு அவ்வளவுதான். ஃபைப்ரோஅடினோமா என்ற இரண்டு சாதாரணக் கட்டிகளுக்கு ஊசி போட்டுக்கொண்ட நாற்பது வயதுப் பெண்ணின் அபாயத்தையும் இந்தக் கணக்கு அப்படியே உயர்த்திக் காட்டுகிறது. இது ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வந்த அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் தரவில் பிறந்த கணக்கு. மட்டாஞ்சேரிப் பெண்ணுக்கோ மதுரைப் பெண்ணுக்கோ அதை அப்படியே பொருத்த முடியாது. அதிக அபாயம் உள்ளவர்களிடமும் அது தடுமாறுகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2008இல் அடிப்பியா இருந்த 331 பெண்களிடம் சோதித்தபோது, யாருக்குப் புற்று வரும் யாருக்கு வராது என்று பிரிப்பதில் அது காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலாக இல்லை.

எத்தனை முறை குத்தினார்கள் என்பதைவிட, குத்தி எடுத்ததில் என்ன இருந்தது என்பதே பெரிது. மேயோவில் 1967 முதல் 1991 வரை பயாப்ஸி செய்து ‘புற்று இல்லை’ என்று அனுப்பப்பட்ட 9,087 பெண்களைப் பின்தொடர்ந்து, 2005இல் லின் ஹார்ட்மன் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். உயிரணுப் பெருக்கம் இல்லாத சாதாரண மாற்றம் என்றால் அபாயம் பொதுப் பெண்களைவிட 1.27 மடங்கு, குடும்பத்தில் புற்று வரலாறும் இல்லையென்றால் கூடுதல் அபாயமே இல்லை. அடிப்பியா இல்லாத பெருக்கம் என்றால் 1.88 மடங்கு. அடிப்பியா, அதாவது இயல்பு மாறிய பெருக்கம் என்றால் 4.24 மடங்கு. இந்த மூன்றாம் வகை, ‘புற்று இல்லை’ என்று வரும் பயாப்ஸிகளில் பத்தில் ஒன்றுதான். அடிப்பியா வந்தவர்களில் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குப் புற்று வருகிறது என்று அதே குழு 2015இல் எழுதியது. ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். பால்மடல்களில் தோன்றும் எல்.சி.ஐ.எஸ். என்ற மாற்றத்தின் அபாயமும் இதே அளவு அல்லது இதைவிடக் கூடுதல்.

இரண்டு பெண்கள். இருவருக்கும் மூன்று பயாப்ஸி. ஒருவருக்கு மூன்றும் ஃபைப்ரோஅடினோமா. மற்றவருக்கு இரண்டு சாதாரணம், ஒன்று அடிப்பியா. முதலாமவருக்குத் தேவை நிம்மதியும் வழக்கமான கண்காணிப்பும். இரண்டாமவருக்குத் தடுப்பு பற்றிய உரையாடல் கட்டாயம் தேவை. நடைமுறையில் இருவருக்கும் ஒரே வாக்கியம்தான் சொல்லப்படுகிறது: “புற்று இல்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க.” அதனால்தான் ரிப்போர்ட்டின் கடைசி வரியோடு நிறுத்தாமல் முழுவதையும் வாங்கி, தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைக்கச் சொல்கிறேன். திசு பதிக்கப்பட்ட மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் ஆய்வகத்தில் இருக்கும். இரண்டாவது கருத்துக்காகக் கேட்டுப் பெறலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக விதி சொல்கிறது.

இரண்டாவது கருத்து எதற்கு? 2015இல் அமெரிக்காவில் ஜோன் எல்மோர் குழு 115 நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் ஸ்லைடுகளைக் கொடுத்து, வல்லுநர் குழுவின் முடிவோடு ஒப்பிட்டது. ஊடுருவிய புற்றில் 96 விழுக்காடு ஒத்துப்போனார்கள். அடிப்பியாவில் 48 விழுக்காடுதான். எந்த முடிவை வைத்து ஐந்தாண்டு தடுப்பு மாத்திரையை யோசிக்க வேண்டுமோ, அந்த முடிவில்தான் கண்கள் அதிகம் வேறுபடுகின்றன. மார்பகத் திசுவையே அதிகம் பார்க்கும் ஒருவரிடம் ஸ்லைடைக் காட்டாமல் அடிப்பியாவுக்கு மருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேரளத்துக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் ஆலப்புழை மாவட்டத்துப் பெண் ஒருவரின் மார்பகத் திசு, கோட்டயம் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்துக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றுக்கும் போனது. தனியார் ஆய்வகத்தின் முடிவு முந்தி வந்தது: புற்று. கீமோ தொடங்கியது. மருத்துவக் கல்லூரியின் முடிவு பிறகு வந்தது: புற்று இல்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் இல்லை என்றே உறுதி செய்தது. முடி கொட்டி உடல் தளர்ந்த பிறகு வந்த நல்ல செய்தி அது. மாநிலமே அதிர்ந்தது, விசாரணை வந்தது. வேகம் எப்போதும் நல்லதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மார்பக நோயில் ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்துச் சரிபார்ப்பதால் எதுவும் கைமீறிப் போவதில்லை.

சரிபார்க்கும் உரிமைகூடப் போராடி வாங்கியதுதான். அந்தக் காலத்தில் கட்டியோடு வரும் பெண்ணை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பார்கள். திசுவை உறைய வைத்து உடனே பார்த்து, புற்று என்றால் அதே மயக்கத்தில் மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா என்று தெரியாமலேயே அவள் கண்ணை மூடினாள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் 1974இல் தனக்கு வந்த கட்டிக்கு முதலில் பயாப்ஸி மட்டும் செய்யச் சொல்லி மருத்துவர்களிடம் மன்றாடினார். பரிசோதனை ஒரு நாள், முடிவு இன்னொரு நாள் என்ற இரண்டு கட்ட முறையை 1979இல் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனங்களின் மாநாடு ஏற்றது. இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் நாட்கள் பெண்ணுக்குச் சொந்தமானவை.

ஆனால் அந்த நாட்கள் உடம்பைச் சும்மா விடுவதில்லை. பயாப்ஸிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பை அளந்த ஆய்வு 2009இல் வந்தது. முடிவு தெரியாமல் காத்திருந்தவர்களின் அளவு, புற்று உறுதியானவர்களின் அளவோடு ஒத்திருந்தது. டென்மார்க்கில் 1,310 பெண்களைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு இன்னும் கவலை தருகிறது. சந்தேகம் என்று அழைக்கப்பட்டுப் பின் புற்று இல்லை என்று விடுவிக்கப்பட்ட பெண்களின் மனநிலை, மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், அழைக்கப்படாத பெண்களைவிட மோசமாக இருந்தது. ‘ஒண்ணுமில்லைன்னு வந்திடுச்சே, இன்னும் என்ன மூஞ்சி’ என்று கேட்கும் கணவர்களும் மாமியார்களும் இதைப் படிக்க வேண்டும். அவள் நடிக்கவில்லை. இரவில் யாரும் பார்க்காதபோது கை தானாக மார்பைத் தடவிப் பார்ப்பதும், அடுத்த ஸ்கேன் தேதி நெருங்கும்போது சோறு இறங்காததும் வெளியில் சொல்லப்படாத வேதனைகள்.

எது உதவுகிறது? ஊசி போடும் அன்றே, முடிவு எந்த நாள் யார் வழியாக வரும் என்று கேட்டு எழுதி வாங்குவது. அந்த நாளில் தனியாகப் போகாமல், கேட்பதை எழுதிக்கொள்ளும் நிதானமுள்ள ஒருவரைக் கூட்டிப் போவது. அது கணவராக இருக்க வேண்டும் என்பதில்லை, அக்காவோ தோழியோ போதும். சின்ன நர்சிங் ஹோம்களில் எடுத்த திசுவைப் பாட்டிலில் போட்டு உறவினர் கையிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. அப்படி நேர்ந்தால் பாட்டிலில் இருப்பது ஃபார்மலினா என்று கேளுங்கள். உப்புநீரில் ஊறிய திசு கெட்டுப்போய், இன்னொரு பயாப்ஸிக்குக் காரணமாகும். மாதக் கணக்கில் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி தடுப்பு. அடிப்பியாவோ எல்.சி.ஐ.எஸ்.ஸோ உறுதியான பெண்ணின் முன் இருக்கும் முதல் மருந்து டமாக்சிஃபென். 1960களில் கருத்தடை மருந்து தேடியபோது பிறந்து, பின்னர் புற்று மருந்தான இது, இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறது. 13,388 பெண்களிடம் நடந்த பி-1 என்ற அமெரிக்க ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. ஐந்தாண்டு மாத்திரை, ஊடுருவும் மார்பகப் புற்றை 49 விழுக்காடு குறைத்தது. அடிப்பியா உள்ளவர்களிடம் 86 விழுக்காடு. 7,154 பெண்களை எடுத்துக்கொண்ட ஐபிஸ்-1 ஆய்வில் 16 ஆண்டுகள் கழித்தும் 29 விழுக்காடு குறைவு நீடித்தது. அதன் கணக்குப்படி 22 பெண்கள் ஐந்தாண்டு மாத்திரை சாப்பிட்டால், இருபது ஆண்டுகளில் ஒரு புற்று தவிர்க்கப்படும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தடுப்பு ஆய்வுகளில் மார்பகப் புற்றால் நேரும் மரணம் குறைந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுகளை மட்டுமே மருந்து தடுக்கிறது. ஏற்பிகள் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை இந்தியப் பெண்களிடம் மேற்கத்தியரைவிட அதிகம். அதன்மேல் இது வேலை செய்யாது. உடல் திடீரெனக் கொதிப்பது, மாதவிடாய் குழம்புவது, காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி, கருப்பைப் புற்று இரண்டரை மடங்கு என விலையும் உண்டு. கருப்பைப் புற்று அபாயம் பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் கூடியது. கர்ப்பமாக இருக்கும்போதும் கருத்தரிக்கத் திட்டமிடும்போதும் இம்மருந்து கூடாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ரலாக்சிஃபென், எக்ஸமெஸ்டேன், அனஸ்ட்ரசோல் உண்டு. அனஸ்ட்ரசோல் 3,864 பெண்களிடம் நடந்த ஐபிஸ்-2 ஆய்வில் புற்றைப் பாதிக்கு மேல் குறைத்தது. பதிலுக்கு மூட்டுவலியும் எலும்புத் தேய்வும்.

உலகெங்கும் தகுதியுள்ள பெண்களில் பெரும்பாலோர் இந்த மாத்திரையை மறுக்கிறார்கள். நோயில்லாத உடம்பில் ஐந்தாண்டு பக்கவிளைவை ஏற்கச் சொல்வது சின்னக் கோரிக்கை அல்ல. இத்தாலியில் ஆண்ட்ரியா தெ சென்சி 500 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும், மற்றவர்களுக்கு வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராமை மூன்று ஆண்டுகள் மட்டும் கொடுத்து 2019இல் முடிவை வெளியிட்டார். புதிய அல்லது திரும்பும் மார்பக நோய் 11.3 விழுக்காட்டிலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. தொல்லைகளும் மிகக் குறைவு. 5 மில்லிகிராம் மாத்திரை கிடைக்காத இடங்களில் 10 மில்லிகிராமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறார்கள். முழு அளவைக் கேட்டுப் பயந்த பெண்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். மார்பகத்தையே அகற்றும் அறுவை அடிப்பியாவுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ‘எடுத்துப் போட்டுடுங்க டாக்டர், இந்த அலைச்சல் வேண்டாம்’ என்று மூன்றாவது பயாப்ஸியின் முடிவில் சொல்லும் பெண்ணின் களைப்பு எனக்குப் புரிகிறது. அந்தக் களைப்பில் எடுத்த முடிவை மூன்று மாதம் கழித்தும் அவர் சொன்னால் பேசலாம்.

குடும்பத்தில் புற்று ஓடுகிறது என்றால் கணக்கே வேறு. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக்களில் பழுது இருந்தால், 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு முறையே 72, 69 விழுக்காடு. சூலகப் புற்றுக்கு 44, 17 விழுக்காடு. யூதர் தெரு இங்கேதான் வருகிறது. 185 டெல் ஏ.ஜி. என்ற பி.ஆர்.சி.ஏ.1 பழுது ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் என்று பெயர் பெற்றது. அது எங்கிருந்து பரவியது என்று அறிய 115 குடும்பங்களைச் சேர்ந்த 188 பேரை ஆராய்ந்த கட்டுரை 2013இல் வந்தது. ஈராக், சிரியா, துருக்கி யூதர்களோடு கொச்சி யூதர்களும் அதில் இருந்தார்கள். அஷ்கெனாசிகளிடம் அது 61 தலைமுறைக்கு முன் தோன்றியது என்றும், யூதரல்லாதவர்களிடம் குறைந்தது இரண்டு முறை தனியாகவே தோன்றியிருக்கிறது என்றும் முடிவு. பெங்களூருவிலிருந்து 2009இல் வந்த ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது: குடும்ப வரலாறு உள்ள 61 தென்னிந்தியப் புற்று நோயாளிகளில் 10 பேரிடம் இதே பழுது. ‘அது யூதர்களின் நோய்’ என்று ஒதுங்க நமக்கு இடமில்லை. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வில், தெற்காசியாவின் 81 சமூகங்களில் அஷ்கெனாசிகளைவிடத் தீவிரமான நிறுவனர் விளைவு தெரிந்தது. சில மூதாதையரிடமிருந்து கிளைத்து, உள்ளுக்குள்ளேயே மணந்து வந்ததன் தடம் அது. மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் எத்தனை சமூகங்களுக்கு இது பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

சோதனை செய்யும் வரிசையில் பலரும் தவறுகிறார்கள். நோயில்லாத மகளை முதலில் சோதிப்பது அரைகுறைப் பதில் தரும். புற்று வந்த அம்மாவோ சித்தியோ உயிரோடு இருந்தால் அவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் பழுது எது என்று தெரிந்தால், மற்றவர்களிடம் அது உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியும். அப்பா வழியும் கணக்கு. அத்தைக்கு வந்த புற்றை ‘அது அந்த வீட்டு விவகாரம்’ என்று விட்டுவிடுகிறார்கள்; பழுதான மரபணு அப்பாவிடமிருந்து வரவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ‘பொருள் தெளியாத மாற்றம்’ என்று முடிவு வந்தால் அதை வைத்து எந்த அறுவையும் செய்யக் கூடாது. உலகத் தரவு பெரும்பாலும் ஐரோப்பியருடையது என்பதால், நம்மவர்களுக்கு இப்படித் தெளியாத முடிவு அதிகம் வருகிறது.

பழுது உறுதியானால் 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராமும். இரு மார்பகங்களையும் அகற்றும் தடுப்பு அறுவை அபாயத்தைத் தொண்ணூறு விழுக்காடு அளவுக்குக் குறைக்கும். 2013இல் ஆஞ்சலினா ஜோலி தான் அப்படிச் செய்துகொண்டதாக எழுதியபின் உலகமே மார்பகத்தைப் பற்றிப் பேசியது. சூலகம் பின்னுக்குப் போய்விட்டது. மார்பகத்தையாவது படம் எடுத்துக் கண்காணிக்கலாம். சூலகப் புற்றை முன்கூட்டிப் பிடித்து உயிர் காக்கும் பரிசோதனை இன்னும் இல்லை. பிள்ளைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45க்குள், சூலகத்தையும் கருக்குழாயையும் எடுத்துவிடும்படி சொல்கிறார்கள். தள்ளிப்போடக் கூடாத முடிவு என்று இந்தக் கட்டுரையில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

பணமும் கல்யாணமும் குறுக்கே நிற்கின்றன. மரபுவழி நோய் என்று காரணம் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனாலும் நோய் வருமுன் செய்யும் தடுப்பு அறுவைக்குப் பணம் வாங்குவது இன்னும் பாடுதான். முன் அனுமதி கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் தேதி குறிக்காதீர்கள். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று தங்கையிடமே சொல்லாமல் மறைக்கும் வீடுகள் உண்டு. அந்த மௌனத்தின் விலையைத் தங்கைதான் கொடுப்பாள்.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், இறக்கும் நிலையில் இருப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே தாங்கும் அண்டைவீட்டு வலைப்பின்னலாக வளர்ந்து உலகுக்கே முன்மாதிரியானது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களும் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். நோயுற்றவர்களுக்கு இவ்வளவு செய்த மாநிலத்தில், நோயில்லை என்று சொல்லப்பட்டும் அபாயத்தோடு வாழும் பெண்ணுக்கு ஒரு கதவு இல்லை. அறுவை மருத்துவர் ‘என் வேலை முடிந்தது’ என்கிறார். புற்று மருத்துவருக்கு அவள் நோயாளியே இல்லை. பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி எண். பதிவேட்டில் பயாப்ஸி எத்தனை என்பதற்குப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் என்ன வந்தது, ஸ்லைடை இரண்டாவது ஆள் பார்த்தாரா, அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யார் யாருக்குப் புற்று, மாத்திரை பற்றிப் பேசியாகிவிட்டதா, அடுத்த தேதி எது என்ற பத்திகள். 2025இல் பரிசோதனைக்கு வந்து திரும்ப அழைக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன. கருவேலிப்படியிலேயே இதைத் தொடங்கலாம்.